தாக்லா

ஜூன் 29, 2024, சனி
துக்கோபா (சந்த் துக்காராம்) பல்லக்கு இன்றைக்கு ஆகுர்டியில். விட்டல் கோயில் பக்கம் கால் வைக்க இடமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து இட்லி அவித்தது. பல்லக்கோடு நடந்து வரும் வாரகரிகளிடம் காசு வாங்க மாட்டேன் என்பார் என் வீட்டுக்காரர், வருஷாவருஷம். நான் முணுமுணுப்பேன், அப்புறம் தேங்காய் உடைப்பேன். இடுப்பு விட்டுப்போச்சு. "அம்மா, காலேஜுக்கு இன்கம் சர்ட்டிபிகேட் எப்போ?" என்று பெரியவள். இங்கே அதற்குத் தாக்லா என்று பெயர். திங்கள் என்றேன்.

ஜூலை 1, திங்கள்
சர்ட்டிபிகேட்டுக்கு எழுதிக்கொடுக்கும் சேது சென்டரில் வரிசை ரோடு வரைக்கும். எல்லாம் பெண்கள். லாட்கி பஹீண் திட்டம், பெண்களுக்கு மாதம் 1500 ரூபாய். வெள்ளிக்கிழமை பட்ஜெட்டில் சொன்னது, இன்றைக்கு ஊரே நிற்கிறது. டோக்கன் 143. 61-ல் சர்வர் நின்றது. வீட்டுக்கு வந்தால் உளுந்து ஊறி வாடை அடிக்கிறது. மொத்தமும் கீழே.

ஜூலை 2, செவ்வாய்
டோக்கன் 97. ஜன்னல் வரை போய்விட்டேன். ரேஷன் கார்டு, ஆதார், லைட் பில், போட்டோ, ஹமிபத்ர (உறுதிமொழி), தலாட்டி (நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி) ரிப்போர்ட். சாரின் ஃபார்ம் 16 இருக்கா? இல்லை. ஐ.டி.ஆர்? இல்லை. "மக காய ஆஹே?" (பின்னே என்னதான் இருக்கு?) என்றான் ஜன்னலில் இருந்த பையன். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, களைத்திருந்தான். 22 வருஷமாக ஆகுர்டியில் இட்லி விற்கிறோம். காகிதம் ஒன்றும் இல்லை.

ஜூலை 4, வியாழன்
கேசரி ரேஷன் கார்டு இருந்தால் லாட்கி பஹீணுக்கு தாக்லா வேண்டாமாம். தேதியும் ஆகஸ்ட் 31 வரை தள்ளியாச்சு. பக்கத்து வீட்டு மௌஷி எனக்கும் சேர்த்து ஃபாரம் வாங்கி வந்தாள். நம்முடையதும் கேசரிதான். 1500 பன்னிரண்டு மாதம், 18,000. ஒரு புது கிரைண்டர். மனசு அங்கேயே சுற்றுகிறது.

ஜூலை 7, ஞாயிறு
மாவுக் கணக்கு நோட்டு மூன்றையும் எடுத்தேன். ஒன்றில் எண்ணெய் ஊறி எழுத்து மங்கிவிட்டது. சாயங்காலம் முழுக்கக் கூட்டினேன்.
இவர் விற்கும் இட்லி: அரிசி, உளுந்து, தேங்காய், கேஸ் போக நாளைக்கு 550. மாதம் 26 நாள். 14,300.
மாவு பாக்கெட்: செலவு போக மாதம் 8,000.
ஆக 22,300. வருஷத்துக்கு 2,67,600. போன வருஷம் மே மாதம் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனதில் பத்து நாள் வியாபாரம் இல்லை. அதையும் கழித்தால் 2,59,000.
இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார். நோட்டைக் காட்டியிருக்கக் கூடாது.

ஜூலை 9, செவ்வாய்
நேற்று ஜி.ஆர். (அரசாணை) வந்துவிட்டதாம். 8 லட்சத்துக்குள் வருமானம் உள்ள வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குத் தொழிற்கல்விக் கட்டணம் முழுவதும் அரசாங்கமே கட்டும். ஓ.பி.சி., எஸ்.இ.பி.சி., இ.டபிள்யூ.எஸ். பிரிவுகளுக்கு. பெரியவள் மொபைலில் மராத்தியில் வாசித்து எனக்கு அர்த்தம் சொன்னாள். தமிழ்நாட்டில், நம் சொந்த ஊரில், நாம் பி.சி. அந்த சர்ட்டிபிகேட் இங்கே செல்லாது. இங்கே நாம் ஓபன். ஷாஹூ மஹராஜ் திட்டத்தில் பாதி கிடைக்கும் என்கிறாள். பாதி கிடைத்தாலும் போதும். எதற்கும் முதலில் தாக்லா வேண்டும்.

ஜூலை 10, புதன்
பெயர். இதை யோசிக்கவே இல்லை. ரேஷன் கார்டில் இவர் பெயர், அவர் அப்பா பெயர், கடைசியில் ஊர் பெயர். ஆதாரில் வெறும் இனிஷியல். பெரியவளின் ஸ்கூல் எல்.சி.யில் தாத்தா பெயர் ஆட்நாவாக (குடும்பப் பெயராக) ஏறியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது "ஆட்நாவ் காய?" என்று டீச்சர் கேட்டார். அப்படி ஒன்று நமக்கு இல்லை என்று விளக்கும் அளவுக்கு எனக்கு அன்றைக்கு மராத்தி வராது. மாமனார் பெயரைச் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போது நிற்கிறது. மூன்று பெயரும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் அஃபிடவிட்.

ஜூலை 12, வெள்ளி
தலாட்டி இல்லை. மீட்டிங். மழையில் நனைந்து திரும்பினேன். ஏஜெண்டு ஒருவர் வாசலில் பிடித்துக்கொண்டார். "காக்கு, ஒரு லட்சம்னு போடுங்க. யார் பார்க்கப் போறா? எல்லாரும் அப்படித்தான்." தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டினேன் என்பதே இப்போது உறுத்துகிறது.

ஜூலை 13, சனி
லாட்கி பஹீண் ஹமிபத்ரத்தை இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்கு மேல் இல்லை, கீழே கையெழுத்து. 9,000 கூட இருக்கிறது. மே மாதம் முழுவதையும் கழித்தால் 2,45,300. உள்ளே வந்துவிடும். பத்து நாளை முப்பது நாள் என்று எழுதினால் போதும். பெரியவளுக்கு 8 லட்சம் வரை சரி, எனக்குத்தான் இந்தக் கணக்கு. பேனாவை எடுத்தேன், வைத்தேன். தூக்கமில்லை.

ஜூலை 16, செவ்வாய்
தலாட்டி இருந்தார். இவரும் சைக்கிளை மரத்தடியில் போட்டுவிட்டு வந்தார். வருமானம் எவ்வளவு என்று கேட்டதும், நான் வாய் திறக்குமுன் இவர், "மூணரை லட்சம்" என்றார். நெஞ்சு திக்கென்றது. ஏஜெண்டு ஒன்று என்கிறான், இவர் மூன்றரை என்கிறார். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று அங்கே கேட்க முடியுமா? நோட்டை மேஜைமேல் வைத்தேன். தமிழ் எழுத்து. தலாட்டிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். பக்கம் பக்கமாகப் புரட்டினார். உளுந்து விலை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். நோட்டரி அஃபிடவிட், லைட் பில் நகல், எல்லாம் வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை வரச் சொன்னார்.
வரும் வழியில் இவர் பேசவில்லை. கண்டோபா மாள் சௌக்கில், "பிள்ளைக்கு முன்னாடி கம்மியா சொல்ல வரல்லம்மா" என்றார். அவள் அங்கே இல்லையே என்றேன். "இல்லதான்" என்றார்.

ஜூலை 17, புதன்
ஆஷாடி ஏகாதசி. இட்லி ஓடாது. எல்லோரும் உபவாசம், ஜவ்வரிசி கிச்சடி. கால் நீட்டிப் படுத்தேன். கால் வீங்கியிருக்கிறது.

ஜூலை 18, வியாழன்
ரிப்போர்ட் கிடைத்தது. 2,59,000. தலாட்டி கைப்பட எழுதியது. சேதுவில் ஸ்கேன் செய்து ஏற்றியாச்சு. ஹமிபத்ரத்தில் இவர் கையெழுத்து, தமிழில். பரவாயில்லை என்றார்கள். அதில் ஒரு சந்தோஷம்.

ஜூலை 21, ஞாயிறு
ஊரில் ஆடித்தபசு. தங்கச்சி போனில் கூட்டத்தைக் காட்டினாள். கோமதி அம்மன் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. அவள் மகளுக்குப் புதுமைப்பெண் திட்டப் பணம் மாதம் 1000 அக்கவுண்டில் வருகிறதாம். அங்கேயே இருந்திருக்கலாமோ. இப்படி நினைக்கும்போதெல்லாம் கோபம் இவர் மேல்தான் போகிறது. இவர் என்ன செய்வார்.

ஜூலை 25, வியாழன்
ராத்திரியிலிருந்து கொட்டுகிறது. பள்ளிக்கூடம் லீவு. இங்கே பவனா ஏறிவிட்டது. அங்கே புனேயில் சிங்ககட் ரோடு பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். நமக்கு ஒழுகல் மட்டும்தான். ஃபைலை பிளாஸ்டிக் கவரில் கட்டி அரிசி டிரம் மேல் வைத்தேன். இவர் வண்டி எடுக்கவில்லை. 550 போச்சு. இனி இந்த எண்ணை மறக்க முடியாது போல. தாக்லா ஸ்டேட்டஸ்: பெண்டிங்.

ஜூலை 27, சனி
பெண்டிங்.

ஜூலை 29, திங்கள்
பெண்டிங். பெரியவள் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போனாள். நான் கத்தினேன். பிறகு அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். இரண்டு பேரும் பேசவில்லை.

ஜூலை 31, புதன்
வந்துவிட்டது. ஒரே ஒரு தாள், பார்கோடு, டிஜிட்டல் கையெழுத்து. எண்ணிலும் எழுத்திலும்: இரண்டு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரம். இவர் பெயரும் சரி. பெரியவள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுலயா ஸ்கூல் ஃபீஸும் கட்டினீங்க?" என்று கேட்டாள். அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். இவர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். மராத்தி அவருக்கு நன்றாகப் படிக்க வரும். சாமி அலமாரியில் வைத்தார். "நகல் பத்து எடு" என்றார்.

ஆகஸ்ட் 17, சனி
பாலேவாடியில் லாட்கி பஹீண் விழா. மௌஷிக்கு 3000 வந்துவிட்டது, ஜூலையும் ஆகஸ்டும் சேர்த்து. பேடா கொண்டுவந்தாள். உனக்கு வந்ததா என்று கேட்டாள். நான் ஃபாரம் கொடுக்கவில்லை என்றேன். அவளுக்கு வருத்தம், எனக்கும் கொஞ்சம். பேடா நன்றாக இருந்தது.
பழைய கிரைண்டர் பெல்ட் மாற்றியாச்சு. தாக்லா 2025 மார்ச் 31 வரை செல்லும். புது நோட்டு ஒன்று வாங்கினேன், கட்டம் போட்டது. ஏப்ரலிலிருந்து எழுதாமல் விட்டதை நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.