பேட்டரியின் ஆயுள் நம் கையில்!



ஒரு காலத்தில் பெரிய அலுவலகங்களில் மட்டுமே காணக் கிடைத்த கணினி, இன்று மடிக்கணினியாக நம் இல்லங்களுக்குள் வந்துவிட்டது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவ, மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின்னர், எளியோரின் வீடுகளிலும் அது இடம்பெற்றது. ஆனால், அதன் உயிர்நாடியான பேட்டரியை எவ்வாறு பேண வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

எங்கள் தெருவில் வசிக்கும் கூலித் தொழிலாளி ஒருவர், கல்லூரியில் பயிலும் தம் மகளுக்கு மடிக்கணினி ஒன்றை வாங்கித் தந்தார். அது எந்நேரமும் மெத்தையின் மீது, சார்ஜரில் மாட்டியபடியே கிடந்தது. இரண்டே ஆண்டுகளில், மின்சாரம் நின்ற பத்தாவது நிமிடம் திரை இருண்டுவிடும் நிலை! புதிய பேட்டரிக்குப் பல நாள் கூலியைக் கொடுத்துவிட்டு வந்த அவர், "இதைத் தவிர்த்திருக்க முடியாதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் என் துறையன்று. எனினும், அக்கேள்வி என்னைத் தேடிப் படிக்க வைத்தது. முடியும் என்பதே நான் கண்ட விடை.

'பேட்டரி முழுவதும் தீர்ந்த பின்னரே சார்ஜ் செய்ய வேண்டும்' என்று பலர் இன்றும் கூறுவர். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. இன்றைய மடிக்கணினிகளில் இருப்பதோ லித்தியம்-அயான் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தப் பேட்டரிக்குப் பகைவர்கள் மூன்று. ஒன்று, வெப்பம். இரண்டு, எந்நேரமும் 100 சதவீதம் நிரம்பியே இருத்தல். மூன்று, அடியோடு வற்றிப் போதல். நிரம்பிய பேட்டரியின் ஒவ்வொரு கலத்திலும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ட் இருக்கும். அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் சிறிது சிறிதாகச் சிதைகின்றன. வெப்பம் அச்சிதைவை விரைவுபடுத்துகிறது. மூட்டை தூக்குபவர் சுமையை இறக்காமலே வெயிலில் நின்றால் என்னாவார்? பேட்டரியின் கதியும் அதுவே!

ஆகவே, 20 சதவீதத்திற்கும் 80 சதவீதத்திற்கும் இடையில் வைத்துப் பயன்படுத்துவதே சிறந்தது. 80 சதவீதத்தில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி இன்று பல மடிக்கணினிகளில் உண்டு. வீட்டில் சார்ஜரை மாட்டியே வேலை செய்பவர்கள் அதை அமைத்துக்கொள்ளலாம். பயணம் செல்லும்போது முழுமையாக நிரப்புவதில் தவறில்லை; புறப்படுவதற்குச் சற்று முன்னர் நிரப்பினால் போதும்.

மெத்தையும் தலையணையும் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். மேசையோ பலகையோ போதுமானது. கோடை வெயிலில் நிற்கும் காருக்குள் மடிக்கணினியை விட்டுச் செல்லாதீர்கள். விடுமுறையில் மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால், பாதியளவு சார்ஜுடன் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் ஒரு முறை ஏற்றிய மின்சாரம் நெடுநேரம் வரும். சார்ஜ் செய்யும் தடவைகளும் குறையும்.

பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. பழைய பேட்டரியைக் குப்பையில் எறிவதும் தவறு. அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள் மீதே சுமத்தியுள்ளன.

இறுதியாக ஒன்று. பல மடிக்கணினி பேட்டரிகளில் கோபால்ட் என்னும் உலோகம் சேர்க்கப்படுகிறது. உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கும் மேற்பட்டது காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்குள்ள சில சிறு சுரங்கங்களில், பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர்களும் வெறுங்கையால் கல் பொறுக்குகிறார்கள். நம் பிள்ளைகளின் கல்விக்கு உதவும் பொருளில், எங்கோ ஒரு பிள்ளையின் வியர்வையும் கலந்திருக்கக்கூடும். அதை ஓராண்டு கூடுதலாக உழைக்கச் செய்வது சிக்கனம் மட்டும்தானா? சிந்தித்துப் பாருங்கள்!