வீட்டுச் சாவி

அப்பாவின் நினைவு நாள். பெங்களூரு ஓட்டல் அறையில், அவர் குரலைக் கேட்கலாமே என்று செல்போனை எடுத்தேன். பதிவு இருப்பது சென்னை வீட்டில், ரவுட்டரோடு இணைத்த ஹார்ட் டிஸ்க் பெட்டியில். 'சர்வர் கிடைக்கவில்லை' என்றது ஆப். பெட்டி செய்த கம்பெனியின் சர்வர் படுத்துவிட்டதாம்.

மனைவிக்குப் போன் போட்டேன். "பெட்டியில பச்சை லைட் எரியுதே!" என்றாள். லேப்டாப் எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு 192.168.1.20 என்று அடிக்கச் சொன்னேன். திறந்துகொண்டது! வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கம்பெனி தயவு தேவையில்லை. போனை ஸ்பீக்கர் பக்கம் வைத்தாள். அப்பா வழக்கம்போல் கரண்ட் பில்லைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் இன்டர்நெட்காரரிடம் பொது ஐபி முகவரி கேட்டு வாங்கி, ரவுட்டரில் வயர்கார்டு விபிஎன் போட்டேன். சொந்த வீட்டுச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு வாசலில் நிற்பானேன்?