புள்ளி இல்லாத வடிவியல்

பள்ளியில் வடிவியல் புள்ளியில்தான் தொடங்கும். நீளமில்லை, அகலமில்லை, கனமில்லை. அப்படி ஒன்றை யார் பார்த்தது? ஆசிரியர் வைத்த சாக்பீஸ் புள்ளிக்கே அகலம் இருந்தது.

பெரிய அறிஞர்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்ததுண்டு. போலந்து நாட்டு டார்ஸ்கி 1927-இல் கன உருவங்களிலிருந்தே தொடங்கினார். அவருக்கு அடிப்படை, கோளம். ஒரே மையமுள்ள கோளங்கள் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்குத்தான் புள்ளி என்று பெயர் வைத்தார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் நான் வேலை பார்த்த டூல்ரூமில் ஒரு மூத்த ஃபிட்டர் இருந்தார். படிப்பு ஏழாம் வகுப்பு. மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகளை எடுத்துக்கொள்வார். நீலம் தடவி, ஒன்றை இன்னொன்றின் மேல் திருப்பித் திருப்பி வைத்துத் தேய்ப்பார். நீலம் ஒட்டிய மேடுகளை ஸ்கிரேப்பரால் சுரண்டுவார்.

"ரெண்டு தட்டு போதாதாண்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்ணு குழி, ஒண்ணு மேடுன்னா ரெண்டும் ஜோடியாப் பொருந்திக்கும் தம்பி. மூணாவது வந்தாத்தான் பொய் வெளிய வரும்."

எந்த இரண்டை எடுத்தாலும் பொருந்துகிறது என்றால், மூன்றும் சமதளம். 1840-இல் இங்கிலாந்தின் விட்வொர்த் விளக்கிய முறை இது. இதில் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. பொருளோடு பொருள் பொருந்துவதுதான் கணக்கு.

சான்றிதழ் இல்லாததால் அவர் கடைசிவரை ஃபிட்டராகவே ஓய்வு பெற்றார். பட்டம் படித்த நாங்கள் எடுத்த அளவுகளெல்லாம் அவர் சுரண்டிய தட்டின் மேல்தான் நின்றன.