பீர் என்று எழுதக் கூடாத பீர்

எண்பதுகளின் நடுவில் பிரஸ்ஸல்ஸில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் நான் ஜூனியராக இருந்தேன். நகருக்கு மேற்கே பயோட்டன்லாந்துக் கிராமம் ஒன்றில் சிறு மதுவாலை நடத்தியவர் அப்போது எங்களுக்குக் கட்சிக்காரராக வந்தார். அவர் செய்தது லாம்பிக் என்ற புளிப்பு பீர். மால்ட்டோடு முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சி, குளிர்கால இரவில் அகலத் தொட்டியில் திறந்து வைத்து ஆறவிடுவார். ஈஸ்ட்டை அவர் கையால் போடுவதில்லை. காற்றிலும் மரத்திலும் இருப்பதே வந்து புளிக்க வைக்கும். ஓக் பீப்பாயில் ஓராண்டுக்கு மேல் கிடந்ததில் லிட்டருக்கு 200 கிராம் கணக்கில் முழு ராஸ்பெர்ரியைக் கொட்டுவார். சீனியரின் மேஜை மீதே ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினார். ரோஜா நிறத்தைப் பார்த்து இனிக்கும் என்று வாயில் வைத்தேன், பல் கூசிவிட்டது. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் ஒரு துளி விடாமல் தின்றிருந்தது.

ஜெர்மனியில் இதை வாங்க ஒரு வியாபாரி தயாராக இருந்தார். ஆனால் லேபிளில் ‘பீர்’ என்ற சொல் இருக்கக் கூடாது. 1516இல் பவேரியாவில் பிறந்த தூய்மை விதி, 1952ஆம் ஆண்டு பீர் வரிச் சட்டம் வழியாக அன்றும் உயிரோடு இருந்தது. அந்தச் சட்டம் ஒப்புக்கொண்ட பொருள்களில் முளைகட்டாத கோதுமையும் இல்லை, ராஸ்பெர்ரியும் இல்லை. வேறு பெயரில் விற்கத் தடையில்லை என்பது உண்மைதான். ஆனால் பரம்பரையாகப் பீர் காய்ச்சுகிறவரிடம், பீர் என்று சொல்லாமல் விற்றுக்கொள் என்பது அனுமதி போலத் தெரியும் மறுப்பு. வழக்குச் செலவை எங்களிடம் கேட்டறிந்த கட்சிக்காரர், ஒரு பெட்டி கூட அனுப்பாமல் ஊர் திரும்பினார்.

அவர் போடாத வழக்கை ஐரோப்பிய ஆணையமே ஜெர்மனி மீது போட்டது. ஜெர்மனியின் வாதத்தைக் கேலி செய்ய முடியாது: எங்கள் மக்கள் பீர் என்றால் மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் என்றே நினைக்கிறார்கள், அந்த நம்பிக்கையைக் காப்பது அரசின் கடமை. 1987 மார்ச் 12 அன்று லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன பதிலில் நிதானமும் இருந்தது, நடைமுறை அறிவும் இருந்தது. குடிப்பவர்களின் எண்ணம் காலத்தோடு மாறக்கூடியது. ஒரு நாட்டின் இன்றைய பழக்கத்தைச் சட்டம் உறையவைத்து, அதைக் காட்டி வெளிநாட்டுச் சரக்கைத் தடுக்கக் கூடாது. என்ன சேர்த்திருக்கிறது என்று லேபிளில் எழுதினால் போதும். பீப்பாயிலிருந்து பிடித்துக் கொடுக்கும் கடையா? பீப்பாயிலோ குழாயிலோ எழுதி ஒட்டலாம்.

தீர்ப்பு அத்தோடு நிற்கவில்லை. பெயர்த் தடையோடு, சேர்மான ரசாயனங்களுக்கு ஜெர்மனி விதித்திருந்த முழுத் தடையையும் அது செல்லாது என்றது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். அல்சாஸ் பகுதியிலுள்ள ஷில்டிகைம் ஊரின் பிராஸ்ரி து பெஷர் என்ற மதுவாலை, இந்தத் தடைகளால் 1981இன் இறுதியில் ஜெர்மனிக்கு அனுப்புவதை நிறுத்த நேர்ந்தது. அந்த நஷ்டத்துக்கு 18 லட்சம் மார்க் கேட்டு அது ஜெர்மனி அரசு மேல் வழக்குப் போட்டது. 1996 மார்ச்சில் லக்சம்பர்க் நீதிமன்றம் ஒரு பெரிய கோட்பாட்டை வகுத்தது: சட்டமன்றமே இயற்றிய சட்டமானாலும், அது ஐரோப்பியச் சட்டத்தைக் கடுமையாக மீறி, அதனால் நேரடியாக நஷ்டமும் விளைந்தால் அரசு ஈடு கொடுக்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலை வைத்துப் பார்த்து வழக்கைத் தள்ளிவிட்டது. பெயர்த் தடை கடுமையான மீறல்தான், ஆனால் இவர்களின் நஷ்டம் அதனால் வந்ததல்ல; நஷ்டம் தந்த சேர்மானத் தடையோ மன்னிக்கக் கூடிய மீறல் என்றது. பதினைந்து ஆண்டு போராடியவர்களின் பெயர் சட்டப் புத்தகங்களில் நிலைத்தது. கைக்கு ஒரு மார்க்கும் வரவில்லை.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது ராஸ்பெர்ரிக்காரர்தான் நினைவுக்கு வந்தார். அவர் பீரில் சேர்மான ரசாயனம் எதுவும் கிடையாது. அவரைத் தடுத்தது பெயர் விதி மட்டுமே. மன்னிக்க முடியாத மீறல் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டதும் அதுதான். ஆனால் அவரிடம் திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு இல்லை, ரத்தான ஆர்டர் இல்லை, காட்டுவதற்கு நஷ்டக் கணக்கும் இல்லை. ஒருவருக்கு நஷ்டம் இருந்தது, பொருத்தமான தடை இல்லை. மற்றவருக்குத் தடை பொருந்தியது, நஷ்டம் இல்லை. தவறான சட்டத்துக்கு மரியாதையாகக் கீழ்ப்படிந்து வீட்டில் இருந்தவனுக்கு ஈடு கொடுக்க எந்த நீதிமன்றத்திடமும் வழியில்லை.

இதனால் ஏற்றுமதிக்காரர் யார் வந்தாலும் ஒன்றைச் சொல்வேன். விதி அநியாயம் என்று நினைத்தால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். முறைப்படி ஒரு சிறு சரக்காவது அனுப்புங்கள், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், செலவுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். நியாயம் உங்கள் பக்கம் இருப்பதை நீதிபதி பிறகு ஒப்புக்கொள்ளலாம்; நஷ்டத்தை மட்டும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.