சொல்வதா, பாஸ் பண்ணுவதா?

சீட்டாட்டம் என்றதும் ரம்மி, காசு, வீட்டில் ரகளை என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. இது பிரிட்ஜ் பற்றிய பதிவு. காசு கிடையாது. (ரகளை மட்டும் கொஞ்சம் உண்டு!)

அப்பாவும் நானும் ஜோடி. திருச்சியில் வேலையில் இருந்த காலத்திலேயே அப்பா கிளப்பில் பிரிட்ஜ் ஆடுவார். அம்மா போன பிறகு எங்களோடு மான்குர்த்துக்கு வந்துவிட்டார். இந்தி வராது. லிஃப்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் சிரிப்பார், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயந்திரம் ஹார்பர் லைனில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, செம்பூரில் ஒரு நண்பர் வீட்டில் மூன்று மேஜை போடுவோம். அந்த மூன்று மணி நேரம்தான் அவர் பழைய அப்பா. 'ஒன் ஸ்பேட்', 'டபுள்', 'பாஸ்' என்பதற்கு இந்தி எதற்கு?

எங்கள் தகராறு ஓவர்கால் பற்றியது. ஆடத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாலு பேர், ஆளுக்கு 13 சீட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் ஜோடி. எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று முதலில் ஏலம் நடக்கும். எதிராளி ஏலத்தை ஆரம்பித்த பிறகு நாம் குறுக்கே புகுந்து கேட்பதுதான் ஓவர்கால். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கட்டு முழுக்க 40 பாயிண்ட். ஆட்டத்தை ஆரம்பிக்கச் சுமார் 12 வேண்டும். குறுக்கே புகுவதற்கு எவ்வளவு வேண்டும்?

அப்பா கட்சி: அதே 12. "நான் ஒண்ணு சொன்னா அது கையில இருக்கணும்டா." என் கட்சி: நல்ல அஞ்சு சீட்டு இருந்தால் 8 போதும். போன மாதம் ட்ரெயினில் இது முற்றி, "உன் ஸ்டைல் வேற, என் ஸ்டைல் வேற. நீ வேற ஆளப் பாத்துக்கோ" என்றுவிட்டார். வேறு ஆள் எனக்குக் கிடைப்பார். அவருக்குச் சனிக்கிழமை போய்விடும். அதனால் ஒரு ஞாயிறு காலை, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

முதலில் அபராதக் கணக்கு. வல்னரபிள் என்று குறித்திருக்கும் பக்கத்துக்கு ஜெயித்தால் பரிசு அதிகம், விழுந்தால் அடியும் அதிகம். டபுளில் ஒன்று, இரண்டு, மூன்று பிடி குறைந்தால் சாதாரணமாக 100, 300, 500 போகும். வல்னரபிள் என்றால் 200, 500, 800. எதிராளி நாலு ஸ்பேட் கேட்டு எடுத்தால் அவருக்கு 420, வல்னரபிள் என்றால் 620. ஆக, அவர்கள் வல்னரபிள், நாங்கள் இல்லை என்றால் மூன்று பிடி விழுந்து 500 கொடுத்தாலும் 120 மிச்சம். நிலைமை தலைகீழ் என்றால் இரண்டு பிடி விழுந்தாலே 80 நஷ்டம். 1930களில் பிரிட்ஜை வீடுவீடாகக் கொண்டுபோன ஈலி கல்பர்ட்சனின் 'இரண்டு-மூன்று' விதி இதிலிருந்து வந்ததுதான்: கையில் இருப்பதைவிட வல்னரபிள் என்றால் இரண்டு பிடி, இல்லாவிட்டால் மூன்று பிடி வரை கூடக் கேட்கலாம். கணக்கென்று வந்ததும் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி, இது நியாயம்."

அடுத்து, எதற்காகக் குறுக்கே புகுகிறோம்? எதிராளி ஒரு கிளாவர் என்கிறார். நான் ஒரு ஸ்பேட் என்றால், அவருடைய ஜோடி டைமனையோ ஆர்ட்டினையோ ஒன்றில் சொல்லும் வழி அடைபட்டது. இரண்டுக்குத்தான் போகவேண்டும். ஒரு டைமன் என்று மட்டும் புகுந்தால் பெரிதாக எதுவும் அடைபடாது. அதற்கு மெலிந்த கையோடு போவது வீண்.

இதைவிடப் பெரியது இன்னொன்று. ஆட்டத்தை எதிராளி எடுத்து, முதல் சீட்டைப் போடும் முறை அப்பாவுக்கு வந்தால், எதைப் போடுவது என்று என் ஓவர்கால்தான் அவருக்குச் சொல்லும். ஸ்பேடில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, கூட ஒரு பொடிச் சீட்டு, வெளியே ஒரு ராணி: மொத்தம் 8. தாராளமாகச் சொல்லலாம். ராணியும் நாலு பொடிச் சீட்டும், மற்ற இடங்களில் சிதறி ஒரு 8: மொத்தம் 10. பாயிண்ட் கூடத்தான், ஆனால் நான் பாஸ். அப்பா நம்பி அந்த ஸ்பேடைப் போட்டால் கெடுவது எங்கள் பக்கம்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ நீ எட்டுல சொல்றது பொய் இல்ல. பாயிண்ட்டச் சொல்லல, சீட்டச் சொல்ற."

அதேதான்! ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. நான் 8-இல் புகுவேன் என்று தெரியாமல், 12 இருக்கும் என்று அவர் மேலே ஏற்றிக்கொண்டே போனால் விழுவது இரண்டு பேரும். என் துணிச்சலுக்கு வட்டி கட்டுபவர் எதிரே உட்கார்ந்திருப்பவர். எவ்வளவு துணிவது என்பது என் சுபாவத்தைப் பொறுத்த விஷயமே இல்லை, இரண்டு பேர் செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

எழுதிக்கொண்டது இதுதான். ஒன்றில் புகுவதற்கு: நல்ல அஞ்சு சீட்டு, 8 போதும். இரண்டில் புகுவதற்கு: ஆறு சீட்டு, அல்லது ஆரம்பிக்கும் அளவு பலம். வல்னரபிள் என்றால் இன்னும் ஒரு படி கவனம். ஜோடிப் போட்டிகளில் 110, 140 என்று சில்லறை ஸ்கோர்கள்தான் அதிகம் என்பதால் 200 கொடுத்தால் அந்த போர்டு காலி, அதுவும் நினைவிருக்கட்டும். நாலாவதை அப்பா தன் கையால் எழுதினார்: 'விழுந்தால் ட்ரெயினில் திட்டக் கூடாது.'

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் முறையாகப் பிரிட்ஜைச் சேர்த்தபோது ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள் நம் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். வயது 60, 56! இதைச் சொன்னதும் அப்பா, "நமக்கு இன்னும் டைம் இருக்கு" என்றார். அவருக்கு 74.

ஊரிலிருந்து வந்து, பேச ஆளில்லாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவருக்கு என்ன ஆட்டம் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பிரிட்ஜ் என்றால் நான்காவது மேஜைக்கு இடமிருக்கிறது.