புதுக் குதிரை

ஈரோடு ரயில் நிலையத்துக்கு வெளியே குதிரை வண்டிகள் வரிசைகட்டி நின்ற காலம். 1970களின் பிற்பகுதி. என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி அந்த வரிசையில் வண்டி ஓட்டினார். கொல்லம்பாளையத்தில் ஓட்டு வீடு, அதை ஒட்டி மண்சுவர் வைத்த லாயம். அதில் இருந்த கிழட்டுக் குதிரை ஒரு கோடையில் செத்துப்போக, ஆடி பிறக்கட்டும் என்று அப்புச்சி காத்திருந்தார். அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவோடு கூடும் சந்தையில்தான் எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் குதிரை பிடிப்பார்கள். திப்பு சுல்தான் தன் படைக்கு அங்கே குதிரை வாங்கினார் என்று வழிவழியாகச் சொல்வதுண்டு. அதைச் சொல்லும்போதெல்லாம் அப்புச்சியின் குரலில் ஒரு பெருமிதம் ஏறும்.

சுழி பார்த்து, பல் பிடித்து வயதைக் கணித்து, நடக்கவிட்டுப் பார்த்து, நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த செவலைப் பெட்டை ஒன்றை வாங்கி வந்தார். பவானி வழியாக நடத்தியே கூட்டிவந்தார். வீதி முழுக்கப் பிள்ளைகள் கூடிவிட்டோம். வாசல்வரை ஒழுங்காக வந்த குதிரை, லாயத்தின் இருட்டைக் கண்டதும் நின்றது. காதுகள் பின்னால் மடிந்தன, மூக்குத் துளைகள் விரிந்தன, ஒரு காலடி முன்னால் வைக்க மறுத்தது. பின்னால் நின்று விரட்ட ஒருவர் சாட்டையை எடுத்தார். அப்புச்சி அதைப் பிடுங்கி ஓட்டுமேல் எறிந்தார். கயிற்றைத் தளரவிட்டு, அவரும் குதிரையோடு வாசலிலேயே நின்றார். பொழுது சாய்ந்து, கூட்டம் கலைந்து, அம்மாயி அடுப்புப் பற்றவைத்த பிறகுதான் அது தானாகத் தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தது. பிறகு ஒவ்வோர் அடியாக நுழைந்தது.

உள்ளே போனதும் அடங்கிவிட்டது என்று நினைத்தால் இல்லை. அன்றிரவு சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தது. நாலடி போய்த் திரும்பும், மறுபடி நாலடி. கழுத்தெல்லாம் வேர்வை. லத்தி இளகிப் போனது. ரயில் ஊதும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்த்துச் சுவரில் மோதியது. இடையிடையே கனைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல நிற்கும். பதில் சொல்ல அந்தத் தெருவில் வேறு குதிரை இல்லை.

"ஏனுங்க அப்புச்சி, அதுக்கு நம்மூடு புடிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"அது கூட்டத்துல நின்ன சீவன் கண்ணு. சந்தைல இத்தனை குதிரையோட நின்னுது, இப்ப ஒண்டியா நிக்குது. காட்டுல ஒண்டியா நிக்கிற குதிரையப் புலி புடிச்சுக்கும். அதுக்கு அந்தப் பயம் ரத்தத்துல இருக்குது."

மறுநாள் காலையில் அவர் செய்த முதல் வேலை, லாயத்தின் வாசல்பக்கச் சுவரை நெஞ்சளவுக்கு இடித்துத் தள்ளியது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்தவை. தலையைத் திருப்பாமலே சுற்றிலும் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்த்துவிடும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் சிறு இடம் மறைவு. தூரத்தில் வருவதைப் பார்த்துத் தப்பி ஓடியே பிழைத்த விலங்கை நாலு பக்கமும் அடைத்துவைத்தால் அதன் மனம் என்ன பாடுபடும்! சுவர் இறங்கியதும் செவலை அந்த இடத்தில் வந்து நின்று, வாசலில் அம்மாயி கோலம் போடுவதையும் பால்காரர் வருவதையும் பார்த்தது. அன்றைக்கு அதன் நடை பாதியாகக் குறைந்தது.

தண்ணீர்தான் பெரிய கவலை. குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும். இது தொட்டியில் மூக்கை வைத்துவிட்டு எடுத்துவிட்டது. பழகாத ஊர்த் தண்ணீரின் வாடை அதற்குப் பிடிக்கவில்லை. குடிக்காவிட்டால் குடலில் தீனி இறுகி வலி கண்டுவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், அந்த வலி உயிரையே கொண்டுபோகக்கூடியது. அப்புச்சி ஒரு வாளித் தண்ணீரில் நாட்டுச்சர்க்கரையைக் கரைத்து வைத்தார். நாக்கால் தொட்டுப் பார்த்து, பிறகு உறிஞ்சியது. நாளுக்கு நாள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

தீனியிலும் அதே நிதானம். சந்தையில் விற்றவரிடமிருந்தே அது தின்று பழகிய காய்ந்த புல்லில் ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்திருந்தார். எங்கள் சோளத்தட்டையும் அருகம்புல்லையும் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார். கொள்ளைக் கண்ணிலேயே காட்டவில்லை. குதிரைக்கு உடம்பைப் பார்க்க இரைப்பை சிறிது, அதில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். நாளெல்லாம் புல்லை மென்றுகொண்டிருந்தால்தான் வயிறும் அடங்கும், மனமும் அடங்கும். மிரண்டு நிற்கும் குதிரைக்குக் கொள்ளை அள்ளி வைத்தால் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும், துள்ளலும் கூடும். எந்நேரமும் முன்னால் புல் கிடக்க வேண்டும் என்பது அவர் எங்களுக்கு இட்ட கட்டளை. புல் போடும் வேலை எனக்கு.

இன்னொரு வேலையும் கொடுத்தார். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. சாயங்காலம் லாயத்துக்கு வெளியே சாக்கை விரித்து உட்கார்ந்து வாய்ப்பாடு படிக்க வேண்டும். குதிரையைப் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. ஒரே குரலில், ஒரே நேரத்தில், தினமும். முதலில் கடைசி மூலையில் நின்றுகொண்டு ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. அடுத்தடுத்த நாட்களில் கிட்டே வந்தது. பதினாறாம் வாய்ப்பாட்டில் நான் திணறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், என் பிடரியில் வெதுவெதுப்பான மூச்சு பட்டது.

"அசையாத. அதுவா மோந்து பாக்கட்டும்," என்றார் அப்புச்சி தாழ்வாரத்திலிருந்து.

அதற்குப் பிறகுதான் தொடக் கற்றுக்கொடுத்தார். நேர் எதிரே போகாமல் தோள் பக்கமாகப் போக வேண்டும், முகத்தில் கை வைக்கக் கூடாது. பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல் நகத்தால் சொறிய வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு தணிகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள் எனப் பின்னாளில் படித்தேன். அப்புச்சி அளந்ததில்லை. கீழுதடு தொங்குகிறதா, கண் பாதி மூடுகிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான்.

துணைக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டியையும் லாயத்தில் கட்டினார். பந்தயக் குதிரை லாயங்களிலும் ஆட்டைத் துணைக்கு விடும் வழக்கம் உண்டு. அந்தக் குட்டி செவலையின் கால்களுக்கு நடுவே புகுந்து தின்னும். ஒருநாள்கூட மிதிபட்டதில்லை. ரயில் ஊதும்போது ஆடு அசைபோட்டபடி கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, குதிரையும் ரயிலைப் பொருட்படுத்துவதை விட்டது.

ஆவணியில் ஒரு விடியற்காலை அம்மாயி கத்தினார்: "ஏனுங்க, இங்க வந்து பாருங்க!" செவலையின் விலாவிலும் பிடரியிலும் வைக்கோல் ஒட்டியிருந்தது. அப்புச்சி அதை ஒவ்வொன்றாக எடுத்தபடி சிரித்தார். குதிரையால் நின்றபடியே கண்ணயர முடியும். கால் மூட்டுகள் பூட்டிக்கொள்ளும். ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டும் அது படுத்தாக வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று நம்பும் இடத்தில் குதிரை படுக்காது. எங்கள் லாயத்தை அது நம்பிவிட்டது. அதன் பிறகே அப்புச்சி வண்டியில் பூட்டிப் பழக்கினார்.

ஆட்டோக்கள் பெருகி அந்தத் தொழில் போய்விட்டது. இப்போது தோட்டத்து வீடுகளில் ஆசைக்குக் குதிரை வளர்க்கும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். ஆடிதோறும் அந்தியூரில் அவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: குதிரையோடு அது தின்ற புல்லிலும் ஒரு மூட்டை வாங்கிப் போங்கள். நாலு சுவருக்குள் தனியாக அடைக்காதீர்கள், துணைக்கு ஒரு ஆடாவது கட்டுங்கள். அது படுத்து உறங்கும்வரை முதுகில் ஏறாதீர்கள்.