பகடையும் பேச்சும்

தில்லிக்கு நான் வந்த முதற் குளிர்காலத்தில் எனக்கு இந்தி தெரியாது. ஆங்கிலமோ ஆய்வுக்கூடத்தில் வரும், அரட்டையில் வராது. விடுதியில் அடுத்த அறை வங்காள நண்பர் ஒருநாள் விளையாட அழைத்தார். சீட்டாட்டம் என்றெண்ணிப் போனேன். மேசைமேல் இருபது முகப் பகடையும் மூன்று தடித்த நூல்களும் கிடந்தன!

அதுதான் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாக, மந்திரவாதியாக, திருடனாக அதற்குள் புகுவார்கள். நாங்கள் ஆடியது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. வலிமை 16 என்றால், பத்தைக் கழித்துப் பாதியாக்க 3 கிடைக்கும். வாட்பயிற்சிக்கு இன்னும் 2. குட்டிப் பூதத்தின் காப்பு எண் 15. எனவே பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெட்டு படும்; நூற்றுக்கு 55 வாய்ப்பு. கணக்கு எனக்குக் கைவந்த கலையன்றோ! எண்ணைச் சொல்வேன், எல்லோரும் தலையசைப்பார்கள். ஒரு பருவம் முழுவதும் இப்படியே ஓடிற்று. இந்தி இல்லாத குறைக்கு இது நல்ல மருந்து என்று நம்பினேன்.

நிற்க. பொங்கலுக்கு ஊருக்குப் போக இரயிலில் இடம் கிடைக்கவில்லை. தமிழர் நால்வர் ஓர் அறையில் கூடினோம். முதலாண்டுத் தம்பி ஒருவன் 'கெய்ர்ன்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தான். 2020இல் யோகாய் கால் எழுதியது, ஏறக்குறைய இருபதே பக்கம், விலையும் இல்லை. வலிமை, சுறுசுறுப்பு, மனவுறுதி என மூன்றே தகுதிகள். வெட்டு படுமா என்று பகடை உருட்டுவதில்லை, கட்டாயம் படும். எவ்வளவு காயம் என்பதற்கு மட்டுமே பகடை.

"பூட்டிய கதவு. என்ன செய்வீங்க, அண்ணே?" என்றான் தம்பி.

என் தாளில் பூட்டுத் திறக்கும் திறமைக்கு எண்ணைத் தேடினேன். இல்லை.

"எப்படித் திறப்பீங்கன்னு சொல்லுங்க, போதும்."

வாய் திறக்கவில்லை எனக்கு. தமிழில்தான் கேட்டான்; தமிழர்தாம் சுற்றி இருந்தார்கள். என்னை ஊமையாக்கியது இந்தி அன்று. எண்களுக்குப் பின்னால் ஒளிந்த என் கூச்சமே என்று அப்போதுதான் விளங்கிற்று. சற்றுப் பொறுத்து, "எங்க ஆச்சி கதவிடுக்குல அரிவாள் நுனியை விட்டு உள்கொக்கியைத் தூக்குவா" என்றேன். கதவு திறந்தது. பகடை உருளவே இல்லை. பிறகு விடியும்வரை பேசினேன்.

ஆகவே எளியதே உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அறிமுகமில்லாதவர்கள் கூடுமிடத்தில் எழுதிய விதி வேண்டும். நடத்துபவர் ஒருவருக்குச் சலுகை காட்டினால் நூலைக் காட்டிக் கேட்கலாம். எளிய ஆட்டம் நட்பை நம்பி நிற்கிறது. ஆனால் அது பேசவைக்கிறது.

அடுத்த வாரம் பெரிய மேசைக்குப் போனேன். எண்ணைச் சொல்லுமுன், வாளை எப்படி வீசினேன் என்று அரைகுறை இந்தியில் விளக்கினேன். சிரித்தார்கள், பிறகு, "மேலே சொல்" என்றார்கள்.

இவ்வாண்டு புதிதாக வந்து, மெஸ்ஸில் தனியே உட்கார்ந்து உண்ணும் தம்பி தங்கையரே! சனிக்கிழமை மாலை சங்க அறைக்கு வாருங்கள். பகடை என்னிடம் உண்டு. பேச்சை மட்டும் கொண்டுவாருங்கள்.